பழைய பேப்பரோடு போன நாடு



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் இருக்கிற வீட்டார் நேரமெடுத்து வாசித்தால் நல்லது. இது எங்கள் வீட்டில் நாங்களே விட்ட பிழை. வேறு யாரையும் குறை சொல்ல எழுதவில்லை.

நாங்கள் இருவருமே ஆசிரியர்கள். ஒருவர் ஆரம்பப் பிரிவு, மற்றவர் தமிழ். எங்கள் மகன் போன வருடம் தரம் 5. இதைச் சொன்னாலே போதும், அந்த வருடம் எங்கள் வீடு எப்படி இருந்திருக்கும் என்று இலங்கையில் உள்ளவர்களுக்கு விளங்கும். காலையில் பாடசாலை, பின்னேரம் வகுப்பு, இஷாவுக்குப் பிறகு மாதிரி வினாத்தாள். புலமைப்பரிசில் பரீட்சை பிள்ளைக்கா தாய் தகப்பனுக்கா என்று மற்ற வீடுகளைப் பார்த்துப் பகிடி பண்ணியவர்கள்தான் நாங்கள். எங்கள் முறை வந்தபோது நாங்களும் அப்படித்தான் ஓடினோம்.

முதலாம் தவணையில் ஒருநாள், வினாத்தாளுக்கு அடியில் ஒரு சீஆர் கொப்பியை வைத்து அவர் ஏதோ கீறிக்கொண்டிருந்ததைக் கண்டோம். பச்சை மட்டை போட்ட தடித்த கொப்பி. முக்கால்வாசி நிரம்பியிருந்தது. நாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சோதனை முடியட்டும் மகன், முடிஞ்ச அண்டைக்கே தாறம்" என்று வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தோம். அவர் அடம்பிடிக்கவில்லை. இடைக்கிடை அலுமாரியின் மேற்பக்கத்தைப் பார்ப்பார். பிள்ளைக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நாங்கள் சந்தோசப்பட்டோம்.

பரீட்சை முடிந்தது. அன்று வீடு நிறைய ஆட்கள். கொப்பியைக் கேட்டார். "நாளைக்கு எடுத்துத் தாறம்" என்றோம். மறுநாள் அவர் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன நேரம், ஒரு வருடமாகக் குவிந்திருந்த வினாத்தாள்களையும் கொப்பிகளையும் வாரிக் கட்டினோம். அலுமாரிக்கு மேலே இருந்ததும் சேர்ந்து வந்தது. பழைய பேப்பர் வாங்குகிறவர் சைக்கிளில் வந்தார். 17 கிலோ. வீடு துப்புரவானது என்று மூச்சு விட்டோம்.

மகன் வந்தார். கதிரையைப் போட்டு ஏறி அலுமாரிக்கு மேலே தடவிப் பார்த்தார்.

"உம்மா, அந்தப் பச்சைக் கொப்பி எங்க?"

எங்களுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "பழசெல்லாம் குடுத்தாச்சே மகன். புதுசு ஒண்டு வாங்கித் தாறம்" என்றோம்.

"ம்" என்றார். கதிரையை எடுத்த இடத்திலேயே வைத்தார். அழவில்லை. அழுதிருந்தால் அன்றே எங்களுக்கு விளங்கியிருக்கும். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அடுத்த நாலைந்து நாட்களும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

விசயத்தைச் சொன்னது தங்கச்சியின் மகள். எட்டு வயது, பக்கத்து வீடு. "பெரியம்மா, நீங்க லுவிலோவ வித்துப் போட்டீங்களாமே?" என்று கேட்டார்.

"லுவிலோ எண்டா என்ன மகள்?"

"நாடு."

பிறகு அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தோம். லுவிலோ ஒரு தீவு. ஏழு ஊர்கள். கரையோரமாக ஒரு ரெயில் பாதை, அதற்கு நேரசூசி. எங்கள் நிஜமான ரெயில் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ரெயில் பார்க்க அங்கேதான் போகவேண்டும். லுவிலோவில் அது எல்லா ஊருக்கும் போகுமாம், சுபஹுக்குப் பிறகு முதல் வண்டி. காசுக்கு மீன் பெயர்கள். எட்டு நெத்தலி ஒரு சூடை. பத்துச் சூடை ஒரு பாரை. இரண்டு பருவம்: கச்சான், வாடை. ஒரு சட்டம்: வரிசையில் நிற்க வைத்தால் நிற்கிற ஆளுக்கெல்லாம் கதிரை கொடுக்க வேண்டும். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் நின்ற வரிசைகளை அந்தப் பிள்ளை எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இன்னுமொரு சட்டம் இருந்தது. பெரியாட்களுக்கு விசா இல்லை. மூத்தாப்பாவுக்கு மட்டும் உண்டு.

மூத்தாப்பா என்றால் உம்மாவின் வாப்பா. எங்களோடு ஒரே வளவில்தான் இருந்தார். வாழ்நாள் முழுக்கக் கடல் தொழில். முழங்கால் ஏலாமல் போன பிறகு விறாந்தைக் கதிரையில் இருப்பார். மகன் அவரோடுதான் இருப்பார். ஒலுவில் துறைமுகத்துக்கும் வெளிச்ச வீட்டைப் பார்க்கவும் இரண்டு பேரும் ஓட்டோவில் போய்வருவார்கள். துறைமுக வாயை மணல் வந்து மூடுவதும், படகு போகவர முடியாமல் நிற்பதும், அதன் வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்பதும் எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. மூத்தாப்பா மூச்சு விட்டால் அந்தக் கதைதான். எங்களுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பேரனுக்குச் சலிக்கவில்லை. அவர் தன் நாட்டில் ஒரு மணல் அள்ளும் இலாகாவை அமைத்து, அதற்கு மூத்தாப்பாவைத் தலைவராகப் போட்டிருக்கிறார். லுவிலோ என்ற பெயரே ஒலுவிலைக் குழப்பி எடுத்ததுதான். அது விளங்கவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

அந்தக் கொப்பியில் மூத்தாப்பா தன் கையால் நீரோட்டம் கீறிக் காட்டிய பக்கங்கள் இருந்தனவாம். ஒவ்வொரு நாளும், துறைமுக வாய் இன்று திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஒரு வரி எழுதி அதற்குக் கீழே அவர் கையெழுத்துப் போடுவாராம்.

அவர் மௌத்தானது பரீட்சைக்கு முந்திய வருடக் கடைசியில்.

"மூத்தாப்பா மௌத்தான பிறகு காக்காதான் அவர்ட கையெழுத்தப் போட்டாரு. வாய் ஒரு நாளும் மூடல்ல" என்றார் அந்தப் பிள்ளை.

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே பேப்பர்காரரைத் தேடிப் போனோம். அவர் சேர்க்கிற கடையைக் காட்டினார். கடைக்காரர் நல்ல மனுசன். மிச்சமிருந்த சாக்குகளை அவிழ்த்துப் பார்க்க விட்டார். எங்கள் சாக்கு முதல் நாளே லொறியில் போய்விட்டது. கச்சான் விற்கிற இடங்களிலும் கேட்டோம். ஒரு பெண் தன்னிடமிருந்த தாள்களையெல்லாம் எடுத்துக் காட்டினார். யாருடைய பிள்ளையுடையதோ கணக்குப் பக்கங்கள். லுவிலோ இல்லை.

பிறகுதான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். ஆசிரியர்கள் அல்லவா, பிழை விட்ட பிறகு புத்தகத்தைத் தேடுவோம்.

இப்படிப் பிள்ளைகள் நீண்ட காலம் வைத்துப் பேணும் கற்பனை உலகங்களுக்கு ஆங்கிலத்தில் பாராகொஸம் என்று தனிப் பெயரே இருக்கிறது. ஒருநாள் விளையாடிவிட்டு மறப்பது அல்ல இது. மாதக் கணக்காக, வருடக் கணக்காகப் போவது. வரைபடம், சரித்திரம், சட்டம், பாசை, காசு எல்லாம் இருக்கும். பீபீசீயில் நேயர் ஆய்வுப் பிரிவை நடத்திய ரொபர்ட் சில்வி என்பவர் சிறுவயதில் தானும் ஒரு நாட்டை வைத்திருந்தவர். ஓய்வுக்குப் பிறகு, தன்னைப் போன்றவர்களின் உலகங்களைச் சேர்க்கத் தொடங்கினார். அவர் சேர்த்தவற்றை வைத்து ஸ்டீபன் மக்கீத், டேவிட் கோஹென் என்ற இருவர் எழுதிய நூல் 1991இல் வந்தது. தீவுகள், ரெயில் பாதைகள், பாடசாலைகள், பொம்மைகளின் ஊர்கள் என்று பலவகை உலகங்கள் அதில் உண்டு.

எங்களை உலுக்கியது ப்ரொன்டே பிள்ளைகளின் கதை. இங்கிலாந்தில் ஹாவர்த் என்ற ஊர். தகப்பன் மதகுரு. 1821இல் தாய் இறந்தார். 1825இல் மூத்த பெண் பிள்ளைகள் இருவர் காச நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். மிச்சம் நாலு பேர்: சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். அடுத்த வருடம், 1826 ஜூனில், தகப்பன் மகனுக்கு 12 மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். ஆளுக்கொரு சிப்பாய்க்குப் பெயர் வைத்தார்கள். அதிலிருந்து ஒரு நகரம், பிறகு நாடுகள். சிப்பாய்கள் வாசிக்கும் அளவிலேயே, தீப்பெட்டியளவுக் கடதாசியில், கண்ணுக்கெட்டாத எழுத்தில் சஞ்சிகை எழுதினார்கள். சார்லட் 14 வயதில் எழுதிய அப்படியொரு குட்டிச் சஞ்சிகையை 2019இல் பாரிஸ் ஏலத்தில் 6 இலட்சம் யூரோவுக்குக் கேட்டு வாங்கி, அவர்கள் வாழ்ந்த வீட்டிலுள்ள நூதனசாலைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த விளையாட்டில் அவர்கள் நாலு பேரும் நாலு பெரிய ஜின்கள். சண்டையில் செத்த சிப்பாய்களை அவர்கள் எழுப்பிவிடுவார்கள். ஒரு வருடத்துக்கு முன் இரண்டு சகோதரிகளை மண்ணில் வைத்த பிள்ளைகள். இந்த இடத்தை வாசித்தபோது, மூடாத துறைமுக வாய்தான் எங்களுக்கு நினைவு வந்தது.

இளையவர்கள் எமிலியும் ஆனும் பிறகு கொண்டல் என்று தனியே ஒரு தீவு செய்தார்கள். ஆன் வீட்டிலிருந்த புவியியல் பாடநூலின் இடப்பெயர்ப் பட்டியலுக்குள்ளேயே கொண்டலையும் எழுதிச் சேர்த்துவிட்டார். பாடநூலில் கிறுக்கியதற்கு நாங்கள் எத்தனை பிள்ளைகளை எழும்பி நிற்க வைத்திருக்கிறோம்! 1845இல் எமிலிக்கு 26 வயது, ஆனுக்கு 25. இருவரும் யோர்க் நகரத்துக்குப் போகிறார்கள். போகிற வழியெல்லாம் கொண்டலின் ஆட்களாகவே பேசி நடித்துக்கொண்டு போனதை எமிலி தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தத் தீவைப் பற்றி எமிலி எழுதிய கவிதைகள் இருக்கின்றன. இரண்டு பேரும் எழுதிய கதைகள் ஒன்றுகூட இன்று இல்லை. உலகமே தேடுகிற கொப்பிகளும் ஏதோ ஒரு வழியில் போயிருக்கின்றன. இது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்லமாட்டோம்.

பெல்ஃபாஸ்டில் சீ.எஸ். லூயிஸும் அவருடைய நானாவும் செய்த பொக்ஸன் நாடு தப்பிவிட்டது. உடுப்புப் போட்ட மிருகங்கள் வாழும் தேசத்தைத் தம்பி எழுத, நானா அதோடு தன்னுடைய இந்தியாவை இணைத்துக் கப்பலும் ரெயிலும் ஓடவிட்டார். அந்தப் பக்கங்கள் பத்திரமாக இருந்தபடியால் 1985இல் புத்தகமாகவே வந்தது.

எங்கள் வகுப்பறைகளையும் யோசித்தோம். பறித்த சாமான்களைப் போட்டு வைக்க ஒரு லாச்சி உண்டு. அடுத்த நாள் அதைத் திறந்து பார்த்தோம். பம்பரம், மாபிள், ஸ்டிக்கர். அடியில் மடித்த ஒரு கற்றைத் தாள். எட்டு அணிகள் விளையாடும் ஒரு கிரிக்கெட் சுற்றுப்போட்டி. வீரர்கள் எல்லோரும் கற்பனை ஆட்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழுப் புள்ளி விபரம், யார் யாருடைய பந்தில் ஆட்டமிழந்தார், சராசரி எத்தனை. சராசரிகளைச் சரிபார்த்தோம். எல்லாம் சரி. இதை எழுதிய பையன் கணிதத்தில் 30ஐத் தாண்டாதவர். அரையிறுதி மட்டும் நடந்திருந்தது. இறுதியாட்டத்துக்கு முன் நாங்கள் பறித்திருக்கிறோம். கூப்பிட்டுக் கொடுத்தோம். "சேர், அடிக்கமாட்டீங்கதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்.

"இதெல்லாம் பொய்தானே, பிள்ளைகளை இப்படி விடலாமா?" என்று உறவில் ஒருவர் கேட்டார். எங்களோடு படிப்பிக்கும் மௌலவியிடம் பேசினோம். அவர் சிரித்துக்கொண்டு, ஆயிஷா நாயகியின் விளையாட்டுச் சாமான்களைப் பற்றி அபூதாவூதில் வரும் ஹதீஸை நினைவுபடுத்தினார். திரை விலகியபோது, பொம்மைகளுக்கு நடுவே துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரையைக் கண்ட நபி ஸல்லல்லாஹு அலைஹிவஸல்லம் அவர்கள், குதிரைக்கு இறக்கையா என்று கேட்கிறார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததை நீங்கள் கேள்விப்படவில்லையா என்று பதில் வருகிறது. கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்கள் என்று அறிவிப்பில் இருக்கிறது. கேட்டார்கள், பதிலைக் கேட்டுச் சிரித்தார்கள். பறிக்கவில்லை. இந்த ஹதீஸை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். அலுமாரிக்கு மேலே கொப்பியை வைத்த அன்று அது நினைவுக்கு வரவில்லை.

நாங்களும் ஒரு காலம் பிள்ளைகள்தான். எங்களில் ஒருவரின் வீட்டில், 1990இல் ஊரடங்கு நாட்களில், கரண்ட் இல்லாத இரவுகளில் சகோதரங்கள் ஐந்து பேர் ஒரு வானொலி நிலையம் நடத்தினார்கள். இல்லாத ஒரு ஊரின் வானொலி. செய்தி, வானிலை, சமையல், பாட்டு எல்லாம் உண்டு. நிலையப் பணிப்பாளர் மூத்த ராத்தா. அவர் ஒரேயொரு சட்டம் போட்டிருந்தார்: எங்கள் நிலையத்தில் மரண அறிவித்தல் வாசிக்கக்கூடாது. வெளியே அந்த நாட்களில் நடந்தது என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. வருடக் கணக்காக நடத்திய அந்த நிலையத்தை முற்றாக மறந்துபோயிருந்தோம். ராத்தாவுக்குக் கோல் எடுத்துக் கேட்டோம். வானிலை அறிக்கையை அப்படியே ஒப்புவித்தார்.

மகனிடம் மன்னிப்புக் கேட்டது அதற்குப் பிறகுதான். இரண்டு பேரும் அவர் முன்னால் இருந்தோம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. வாய் வரவில்லை.

"மகன், சோதனை முடிஞ்சதும் தாறம் எண்டு வாக்குத் தந்தம். காப்பாத்தல்ல. அதுல என்ன இருந்திச்சி எண்டு பார்க்கவும் இல்ல. மூத்தாப்பாட எழுத்தும் அதோட போயிட்டு. எங்கட பிழை. மன்னிச்சிக்கங்க."

நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "வாப்பா, அதுல ஒரு பிழை இருந்திச்சி. தெற்கால ஆறு கடல்ல இருந்து மலைக்கு ஏறுற மாதிரிக் கீறிட்டன். மூத்தாப்பா திருத்தச் சொன்னவரு. நான் திருத்தல்ல."

அவர் எங்களுக்கு ஆறுதல் சொன்னாரா, தன் கவலையைச் சொன்னாரா என்று இன்றுவரை யோசிக்கிறோம். பத்து வயதுப் பிள்ளை மனதில் வைத்திருந்தது அந்தத் திருத்தாத ஆற்றை.

பரீட்சை முடிவு வந்தது. வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தார், அல்ஹம்துலில்லாஹ். வீட்டில் பிரியாணி. வந்தவர்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். அந்தப் புள்ளிகளுக்கு என்ன விலை கொடுத்தோம் என்று எங்களுக்குத் தெரியும்.

இதை வாசித்துவிட்டு யாரும் நாளைக்கே பிள்ளைக்கு ஒரு சீஆர் கொப்பி வாங்கிக் கொடுத்து, "இந்தா, ஒரு நாடு செய்" என்று இருத்திவிட வேண்டாம். இப்படி விளையாடிய பிள்ளைகள் பெரிய எழுத்தாளர்களாக வந்தார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டு இதற்கும் ஒரு வகுப்புத் தொடங்கிவிடுவோம், எங்களை எங்களுக்குத் தெரியும். பிரான்வெலும் அதே மரச் சிப்பாய்களோடு விளையாடியவர்தான். அவருடைய வாழ்க்கை 31 வயதில் குடியிலும் நோயிலும் முடிந்தது. ஆள் பெரியவராக வருவாரா இல்லையா என்பதற்காக அல்ல, அது பிள்ளையின் சொத்து என்பதற்காகத்தான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

எங்கள் மகனுக்கு இப்போது மேசையில் ஒரு லாச்சி ஒதுக்கிக் கொடுத்திருக்கிறோம். திறப்பு அவரிடம். உள்ளே ஏதாவது எழுதப்படுகிறதா என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்க ஆசைதான். எங்களுக்கு விசா இல்லை.

போன மாதம் அக்கரைப்பற்றுக்குப் போய் வரும்போது, ஒலுவிலுக்குக் கிட்ட வந்ததும் "வாப்பா, நிப்பாட்டுங்க" என்றார். இறங்கித் துறைமுகப் பக்கம் நடந்தார். நாங்கள் பின்னால் போகவில்லை. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்து ஏறினார். வாய் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரேயொரு வேண்டுகோள். தவணை முடிவில் எல்லார் வீட்டிலும் பழைய கொப்பிகளைக் கட்டுவீர்கள். கட்டுவதற்கு முன் பிள்ளையைக் கூப்பிட்டு, "இதுல உங்களுக்கு வேண்டியது ஏதும் இருக்கா?" என்று ஒரு தரம் கேளுங்கள். கிலோவுக்குக் கிடைக்கிற அந்தச் சில்லறையைக் கொண்டு திரும்ப வாங்கமுடியாத ஏதாவது அதற்குள் இருக்கலாம்.

எங்கள் மாமாவின் மறுமை வாழ்வுக்காக துஆச் செய்துகொள்ளுங்கள்.